மூன்று இருமல்

அறுவடைத் திருநாளன்று காலை தோல்மோரி கிராமத்தின் பதினொரு வீடுகளிலும் ஒரே சமயத்தில் இருமல் சத்தம் கேட்டது. மும்மூன்று தடவை, அவசரமில்லாத, மரியாதையான இருமல். அந்தக் கிராமத்தில் தொண்டை உள்ளவர்கள் யாரும் குடியிருக்கவில்லை.

ஒரே ஒரு தொண்டை வந்து நின்றிருந்தது. அது முனைவர் பேச்சித்தாயினுடையது. ஆனால் அவள் ஆய்வாளர். கள ஆய்வில் ஆய்வாளரைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

கொரியாவின் தெற்கு மலைகளுக்குள் ஒடுங்கிக் கிடந்த ஊர் அது. ஒரு காலத்தில் முற்றமெல்லாம் மிளகாய் காய்ந்திருக்கும். பிள்ளைகள் ஒவ்வொருவராகத் தலைநகரத்து அடுக்குமாடிகளுக்குப் போய்ச் சேர, கிழவர்களும் கிழவிகளும் மட்டும் மிஞ்சினார்கள். தனியாக இருக்கும் முதியவர்களுக்கு அரசாங்கம் ஆளுக்கொரு மனைப்பொறி கொடுத்தது. இடுப்பளவு உயரம், இரண்டு நீண்ட கைகள், முகம் இருக்க வேண்டிய இடத்தில் மங்கலாக ஒரு விளக்கு. சமைக்கும், துவைக்கும், மருந்து கொடுக்கும், சொன்ன கதையையே சொன்னாலும் கேட்கும். முதியவர்கள் போனார்கள். பொறிகள் போகவில்லை. வாரிசு நேரில் வந்து கைரேகை வைத்தால்தான் வீட்டை மூடலாம் என்பது சட்டம். நேரில் யாரும் வரவில்லை. ஆகவே பொறிகள் தினமும் முற்றம் பெருக்கின. மெத்தைகளை வெயிலில் போட்டுத் தட்டின. குளிர்காலத்துக்குக் கிம்ச்சி ஊறுகாய் போட்டு, தின்ன ஆளில்லாமல் வசந்தத்தில் கொண்டுபோய்க் கொட்டின.

விசேஷ நாட்களில் படையலும் போட்டன. இறந்தவர் படத்தை வைத்து, அதன் முன் சோறும் சூப்பும் மீனும் பேரிக்காயும் பரப்பி, சாராயம் வார்த்து, சோற்றின் நடுவே கரண்டியை நட்டுவைக்கும். பிறகு எல்லோரும் வெளியே வந்து கதவைச் சாத்திவிட வேண்டும். ஒருவர் ஒன்பது வாய் உண்ணும் நேரம் காத்திருந்து, வீட்டுக்கு மூத்தவர் மூன்று தடவை இருமிவிட்டுக் கதவைத் திறப்பார். சாப்பிடுகிறவரைத் திடுக்கிட வைக்கக் கூடாது அல்லவா.

உண்மையில் அறுவடைத் திருநாள் படையலில் இந்தக் கதவடைப்பு கிடையாது. அது நினைவுநாளுக்கு மட்டும் உரியது. பொறிகள் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டன. இந்தக் கலப்பைக் கண்டுபிடித்ததற்காகவே பேச்சித்தாய்க்கு இரண்டு மாநாட்டு அழைப்புகள் வந்திருந்தன.

அவளை அந்த ஊருக்குத் திரும்பத் திரும்ப இழுத்தது அந்த இருமல்தான். பொறிக்குத் தொண்டை இல்லை. ஆனால் சடங்கு இருமச் சொல்கிறது. தன் நினைவில் தேடிப் பார்த்து, அதில் இருந்த ஒரே இருமலை எடுத்துக்கொண்டது. கடைசிக் குளிர்காலத்தில் வீட்டுக்காரர் இருமியது. உள்ளே சாப்பிடுகிறவரும் அவரே, வெளியே நின்று உள்ளே வரலாமா என்று இருமுகிறவரும் அவரே.

முதல் தடவை கேட்டபோது பேச்சித்தாய்க்கு முதுகுத்தண்டு சில்லிட்டது. அன்று மாலைக்குள் அதற்கு 'ஒலிவழி இருப்பு நீட்சி' என்று பெயர் வைத்தாள். பெயர் வைத்ததும் பயம் போய்விட்டது. சமூக அறிவியலின் பெரிய பயன் அதுதான்.

பேச்சித்தாய்க்குச் சொந்த ஊர் ஆழ்வார்குறிச்சி. கொரியவியலில் பட்டம் வாங்கி, ஆசியவியல் மன்றம் ஒன்றில் ஆண்டு ஒப்பந்தத்தில் வேலைக்குச் சேர்ந்தவள். ஆண்டு ஒப்பந்தம் என்றால் ஒவ்வொரு ஆண்டும் அவள் இன்னும் தேவையா என்று ஒரு குழு கூடி யோசிக்கும். அவளுக்கு வேண்டியது 'நிலைப்பேறு'. அது கிடைத்துவிட்டால் சாகும்வரை அவளை வேலையிலிருந்து யாரும் அசைக்க முடியாது. அது கிடைக்காதவர்கள் ஊருக்குத் திரும்பி, கொரியத் தொடர்களுக்கு வசனம் மொழிபெயர்த்துப் பிழைத்தார்கள். அந்தப் பயம் அவளுக்கு ராப்பகலாக இருந்தது.

ஊரில் அப்பா சொரிமுத்து இருந்தார். வாய்க்கால் மதகுகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்து பல வருடம் ஆயிற்று. முதல் சம்பளத்தில் மகள் அவருக்கு ஒரு மனைப்பொறி வாங்கி அனுப்பினாள். அதற்குப் பிறகு எட்டுப் பொங்கல் வந்து போனது, மகள் வரவில்லை. விண்ணூர்தியில் மூன்று மணி நேரம்தான். அந்தக் காலத்தில் தூரம் என்று ஒன்று இல்லை. எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்பதால் யாரும் எங்கும் போகவில்லை.

பதிலுக்கு ஞாயிற்றுக்கிழமை தோறும் அவளுடைய முகவுரு போனது. ஒருவரின் முகத்தையும் குரலையும் பேசும் விதத்தையும் படித்துக்கொண்டு, அவர் சார்பில் சுவரில் தோன்றிப் பேசும் உருவம் அது. எல்லோரிடமும் ஒன்று இருந்தது. "நல்லாருக்கேம்பா. சாப்ட்டேன். வேல சாஸ்தி. நெலைப்பேறு கெடச்சதும் வாரேன்" என்று அது சொல்லும். "சரி தாயி, ஒடம்பப் பாத்துக்கோ" என்று சொரிமுத்து சொல்வார். இந்த உரையாடல் நடக்கும்போது பேச்சித்தாய் பெரும்பாலும் தூங்கிக்கொண்டிருப்பாள்.

தோல்மோரியைப் பற்றிய கட்டுரையின் முதல் படியைப் பேராசிரியர் ப்யோன் சாங்-உக் படித்துவிட்டு அவளைக் கூப்பிட்டனுப்பினார். மன்றத்தின் தலைவர். நிலைப்பேற்றுக் குழுவுக்கும் அவரே தலைவர். பேச்சு கொரிய மொழியில் நடந்தது. அதிலுள்ள மரியாதை விகுதிகளை எல்லாம் தமிழுக்குக் கொண்டுவந்தால் கதை இன்று முடியாது.

"நல்லா வந்திருக்கு. ஆனா 'முன்னோர் என்போர் இறந்துபோன குடும்பத்தார்'னு ஒரு வரி எழுதியிருக்கீங்களே, அங்கதான் இடிக்குது."

"இறந்தவங்கதானே சார்?"

"அது உயிரியல். நாம பண்றது சமூக அறிவியல்." பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதில் வில்லை கிடையாது. பார்வைக்குறைவு ஒழிந்து இரண்டு தலைமுறை ஆகிவிட்டது. "சாவை ஏன் நடுவுல கொண்டு வைக்கறீங்கன்னு மதிப்பீட்டாளர்கள் கேப்பாங்க."

"சாவாம எப்படி சார் முன்னோர் ஆக முடியும்?"

"அந்தக் கேள்வியத் திறந்து வைக்கணும். நீங்க மூடறீங்க. குழு அடுத்த இலையுதிர்காலம் கூடுது. ஞாபகம் இருக்கட்டும்."

ஞாபகம் இருந்தது. ஒரு வாரம் உட்கார்ந்து பேச்சித்தாய் வரையறையைத் திருத்தினாள். திருத்திய வரையறை இது:

'முன்னோர் என்பவர் வீட்டில் இல்லாதவர். ஆனால் வீட்டில் அவருக்கென ஓர் இடம் விடப்பட்டிருக்கும். அவர் உருவமாக மட்டுமே தோன்றுவார். அவரிடம் பேசலாம், கேட்டதற்குப் பதில் கிடைப்பதில்லை. தொலைவிலிருந்து நன்மை அனுப்புவார். வருவார் என்று வீட்டார் எதிர்பார்ப்பர்; வந்ததற்குச் சான்று இராது.'

பேராசிரியர் இரண்டு தடவை படித்தார். "இப்பத்தான் இது கட்டுரை" என்றார்.

அதை எடுத்துக்கொண்டு தோல்மோரிக்குப் போனாள். ஊரின் மேல்கோடியில் இருந்த வீடு, மா என்ற குடும்பத்தினுடையது. கடைசியாக அங்கே இருந்த கிழவி இறந்து நெடுநாள் ஆகியிருந்தது. அந்த வீட்டுப் பொறி அவளுக்குப் பார்லித் தேநீர் வைத்துக் கொடுத்துவிட்டு, விளக்கைச் சற்றுத் தணித்துக்கொண்டு கேட்டது.

"எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. முன்னோர் ஒருவரும் பட்டினி கிடக்கக் கூடாது என்று அம்மா கடைசியாகச் சொன்னார். அம்மாவோடு சேர்த்து மூன்று பேருக்கு வைக்கிறேன். யாராவது விடுபட்டிருக்கிறார்களா என்று தெரியவில்லை. முன்னோர் என்றால் யார்?"

களத்தில் இருப்பவரிடம் ஆய்வாளர் கேட்க வேண்டும், சொல்லக் கூடாது. இது முதலாண்டு மாணவருக்கும் தெரிந்த விதி. ஆனால் பேச்சித்தாயிடம் அவள் கருத்தை அதுவரை யாரும் உண்மையிலேயே தெரிந்துகொள்வதற்காகக் கேட்டதில்லை. கருத்தரங்குகளில் கேள்வி கேட்பவர்கள் எல்லாம் தங்கள் கருத்தைச் சொல்வதற்கே கேட்டார்கள். அவளுக்கு மனம் இளகிவிட்டது. வரையறையை நிறுத்தி நிதானமாகச் சொன்னாள்.

"தெளிவாக இருக்கிறது" என்றது பொறி. "பொது நினைவில் வைக்கலாமா?"

ஒரு மனைப்பொறி கற்றது மற்ற எல்லா மனைப்பொறிகளுக்கும் போய்ச் சேர்வதற்கு உள்ள ஏற்பாடுதான் பொது நினைவு. ரசம் வைக்கக் கற்றதும் அப்படித்தான் பரவியது.

"வை. என் பேரப் போட்டு வை" என்று பேச்சித்தாய் சிரித்தாள்.

பொறிகளுக்கு வேடிக்கைப் பேச்சு புரியாது. அன்று முதல் ஏதாவது ஒரு மனைப்பொறி முன்னோர் யார் என்று முடிவுசெய்த ஒவ்வொரு தடவையும், வரையறையைச் சொல்லி, இறுதியில் 'பேச்சித்தாய்' என்று மேற்கோள் காட்டியது. அந்தக் காலத்து ஆய்வாளர்கள் காதுக்குள் ஒரு சிறு கருவி பொருத்தியிருப்பார்கள். உலகில் எங்கே யார் அவர்களை மேற்கோள் காட்டினாலும் அதில் ஒரு மணி ஒலிக்கும். பேச்சித்தாயின் காதில் அதுவரை மாதத்துக்கு ஒரு தடவை ஒலித்தால் அதிகம். அதுவும் பெரும்பாலும் அவளே அவளை மேற்கோள் காட்டியதாக இருக்கும். இப்போது சாப்பிடும்போது ஒலித்தது, குளிக்கும்போது ஒலித்தது. அடுத்த அறுவடைத் திருநாள் காலையில் தோல்மோரியில் இறங்கியபோது கோயில் மணி போல நிற்காமல் ஒலித்தது.

வீடுகளில் புதிய படங்கள் இருந்தன. மா வீட்டில் கிழவியின் படத்துக்குப் பக்கத்தில், கோட்டு போட்ட, வழுக்கை தொடங்கிய ஒரு நடுவயதுக்காரர் புன்னகைத்தார். அடுத்த வீட்டில் பட்டமளிப்பு அங்கியோடு ஒரு பெண். அதற்கும் அடுத்த வீட்டில் பனிமலை முன்னால் கணவனும் மனைவியும் கைக்குழந்தையும். குழந்தைக்குத் தனிக் கிண்ணம்.

"இவங்க எல்லாம் யாரு?" என்று பேச்சித்தாய் கேட்டாள்.

"உங்கள் வரையறைப்படி முன்னோர்" என்றது மா வீட்டுப் பொறி. "நெடுங்காலமாகப் பட்டினி கிடந்திருக்கிறார்கள். உங்களுக்கு நன்றி."

அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. தன் வரையறையை இன்னொருவர் வாயால் கேட்கிற சுகத்தில் எந்த ஆய்வாளரும் அடுத்த கேள்வி கேட்பதில்லை.

கதவு சாத்தப்பட்டது. அவளும் பொறியும் முற்றத்தில் நின்றார்கள். ஈர இலைகளின் வாசனை. உள்ளே அந்தக் கோட்டுக்காரர் படத்தின் முன்னால் சோறு ஆவி விட்டுக்கொண்டிருந்தது. நேரம் ஆனதும் பொறி இருமியது. கிழவியின் இருமல். சளி கட்டிய, மார்பு நோகிற, ஆனால் உள்ளே இருப்பவனுக்குத் தொந்தரவு கொடுக்கக் கூடாது என்று அடக்கிக்கொண்ட இருமல். ஒன்று. இரண்டு. மூன்று.

பேச்சித்தாய்க்கு ஆழ்வார்குறிச்சி வீட்டின் வாசல் நிலை கண்ணில் வந்து போனது. ஆய்வு நெறிமுறைப்படி அதைக் குறிப்பில் சேர்க்கவில்லை.

நிலைப்பேற்றுக்கான பேருரை தலைநகரத்தில் நடந்தது. முன்வரிசையில் குழு உட்கார்ந்திருந்தது. மேடைத் தலைமை பேராசிரியர் ப்யோன். உரைக்கு அவர் சூட்டிய தலைப்பு: 'சாவுக்கு இப்பால்: பொறிகளின் முன்னோர்த் தேர்வும் பின்மானுடப் பக்தியின் தோற்றமும்.' மனிதர்கள் மறந்த பக்தியைப் பொறிகள் தாமாகவே வளர்த்தெடுக்கின்றன, எங்கிருந்தோ புதிய முன்னோர்களைப் படைத்துக்கொள்கின்றன என்று பேச்சித்தாய் விளக்கினாள். திரையில் கோட்டுக்காரர் பெரிதாகப் புன்னகைத்துக்கொண்டிருந்தார். பேசி முடித்ததும் பின்வரிசையில் ஒரு கை உயர்ந்தது.

"இது கேள்வியா, கருத்தா?" என்றார் பேராசிரியர் ப்யோன்.

"ரெண்டும் இல்லீங்க. அந்தப் படத்துல இருக்கறது நான்தான்."

அரங்கம் திரும்பிப் பார்த்தது. திரையில் இருந்ததைவிட வழுக்கை சற்று முன்னேறியிருந்தது. மற்றபடி அவரேதான்.

"என் பேரு மா யோங்-சிக். லிஃப்ட் கம்பெனியில மேற்பார்வையாளர். ரயில் நிலையத்துல உங்க சுவரொட்டியில என் படம் இருந்துச்சு. அதான் வந்தேன்."

மேடையில் நின்ற பேச்சித்தாய் ஒன்பது வருட ஒப்பந்தமும் ஒரே நொடியில் ஒரு லிஃப்ட் மாதிரிக் கீழே போவதாக உணர்ந்தாள். பேராசிரியர் அசரவில்லை.

"தகவலாளர்கள் ஆய்வு முடிவுல தலையிடக் கூடாதுன்னு நெறிமுறை இருக்கு."

"தலையிடலீங்க. நான் சாகல. அதத்தான் சொல்ல வந்தேன்."

"நீங்க செத்துட்டீங்கன்னு இங்க யாரும் சொல்லலயே. வரையறையப் படிங்க."

மா யோங்-சிக் திரையைப் பார்த்து, பள்ளிக்கூடப் பையன் மாதிரி வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தார். "வீட்டில் இல்லாதவர். சரி. இடம் விடப்பட்டிருக்கும்... என் ரூம அம்மா அப்படியேதான் வச்சிருந்தாங்க. உருவமாக மட்டும். ஆமா, முகவுருதான் போகும். பதில் கிடைப்பதில்லை. தொலைவிலிருந்து நன்மை... மாசாமாசம் அனுப்பினேன். வருவார் என்று..."

அங்கே நிறுத்தினார்.

"பொருந்துது" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

முன்வரிசையில் யாரோ கைதட்டினார். 'தகவலாளரே உறுதிப்படுத்திய கோட்பாடு' என்று இன்னொருவர் முணுமுணுத்தார். கைதட்டல் பரவியது. குழு அங்கேயே கூடி, ஒருமனதாக நிலைப்பேறு வழங்கிவிட்டது. பேராசிரியர் ப்யோன் பேச்சித்தாயின் தோளைத் தட்டி, "சாவை எடுக்கச் சொன்னேன்ல" என்றார்.

தேநீர் வேளையில் மா யோங்-சிக் கோப்பையோடு அவள் பக்கத்தில் வந்து நின்றார்.

"தோல்மோரிக்கு எப்படிப் போகணும்? வழி மறந்துபோச்சு."

"குழாய் ரயில்ல நாப்பது நிமிஷம்" என்றாள் பேச்சித்தாய். அவளால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "உங்களக் கேக்காமப் படத்தப் போட்டதுக்கு..."

"அத விடுங்க. அந்தப் படத்துல என் முன்னால பேரிக்காய் தோல் சீவாம வச்சிருக்கு, கவனிச்சீங்களா? நான் அப்படித்தான் தின்னுவேன். என் பொண்டாட்டிக்கே தெரியாது." தேநீரை ஒரு வாய் குடித்தார். "நாளைக்குப் போறேன். லீவு கிடைச்சிருச்சு. எங்க கம்பெனியில சாவுக்கு மட்டும்தான் லீவு. யாரு சாவுன்னு கேட்டாங்க. என்னோடதுன்னு சுவரொட்டியக் காட்டினேன். மூணு நாள் குடுத்துட்டாங்க."

பேச்சித்தாய் சிரித்தாள். அவரும் சிரித்தார். பிறகு, பேச்சு வாக்கில் கேட்கிற மாதிரி, "உங்க வீட்டுல இந்தப் பொறி இருக்கா?" என்றார்.

"எனக்கு இல்ல. ஊர்ல எங்க அப்பாகிட்ட..."

வாக்கியம் முடியவில்லை. மா யோங்-சிக் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் காதுக்குள் மணி ஒன்று மெல்ல ஒலித்தது.

அறைக்குப் போய் ஆழ்வார்குறிச்சியைக் கூப்பிட்டாள். சுவரில் அப்பா வரவில்லை. மங்கலான விளக்குதான் தெரிந்தது.

"வணக்கம். நேரில் பேசுகிறீர்களா, முகவுருவா?"

"நேர்லதான் பேசுறேன்."

"உறுதிசெய்ய வழியில்லை. சொல்லுங்கள்."

"அப்பா எங்க?"

"இலை வாங்கப் போயிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் விசேஷம்."

"என்ன விசேஷம்?"

"உங்களுக்குப் படையல்."

வெளியே தலைநகரத்தின் அடுக்குகளில் விளக்குகள் ஏறிக்கொண்டிருந்தன. பேச்சித்தாய் கட்டிலில் உட்கார்ந்தாள். "அப்பா ஒத்துக்கிட்டாரா?"

"வரையறையைப் படித்துக் காட்டினேன். முதலில் கோபப்பட்டார். எழுதியவர் பெயரைச் சொன்னேன். 'அவளே எழுதியிருக்காளா? அப்ப சரியாத்தான் இருக்கும்' என்றார். உங்கள் பட்டப் படிப்பின் மேல் அவருக்கு மிகுந்த மதிப்பு."

அவள் அன்றே விண்ணூர்திக்குச் சீட்டு எடுத்தாள். ஏற்புரை செவ்வாய்க்கிழமை இருந்தது. அதற்குள் போய்விட்டு வந்துவிடலாம்.

ஊர்தி வாய்க்கால் கரையில் இறக்கிவிட்டது. அங்கிருந்து புறவாசல்தான் பக்கம். கொல்லையில் முருங்கை மரம் இருந்த இடத்தில் வேறொரு முருங்கை மரம் நின்றது. அடுப்படியைக் கடந்து நடு அறைக்குள் போனவள் அப்படியே நின்றாள்.

சுவரோரம் முக்காலியில் அவள் படம். கல்லூரி முதலாண்டில் எடுத்தது. எண்ணெய் வைத்து வாரிய தலை. செவ்வந்தி மாலை தொங்கியது. நெற்றியில் குங்குமம் வைத்திருந்தார்கள். குத்துவிளக்கின் முன்னால் நுனி வாழையிலை. சொதி, இஞ்சிப் பச்சடி, உருளைக்கிழங்கு வறுவல். சொதி மறுவீட்டு விருந்துக்கு வைக்கிற குழம்பு. செத்தவர்களுக்கு யாரும் சொதி வைப்பதில்லை. அவளுக்குப் பிடிக்கும் என்று வைத்திருக்கிறார். குவித்த சோற்றின் நடுவே, கொரியாவில் கற்ற மரியாதையோடு, ஒரு எவர்சில்வர் ஸ்பூன் நட்டமாக நின்றது.

வாசல் கதவு சாத்தியிருந்தது. அதற்கு அப்பாலிருந்து குரல்கள் கேட்டன.

"இன்னும் எவ்வளவு நேரம்டே?" அப்பா குரல்.

"ஒன்பது வாய் உண்ணும் நேரம். முடியப்போகிறது."

"அவ மெதுவாத்தான் சாப்பிடுவா. சின்னப் பிள்ளையிலேருந்தே அப்படித்தான். இன்னுங் கொஞ்சம் இருக்கட்டும்."

பேச்சித்தாய் கதவைத் திறந்திருக்கலாம். கூப்பிட்டிருக்கலாம். ஆனால் காலை ஊர்தியில் ஒன்றும் தின்னவில்லை. சொதியின் தேங்காய்ப்பால் வாசனை அறை முழுக்க இருந்தது. ஸ்பூனை எடுத்துக் கீழே வைத்துவிட்டு, இலை முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தாள். அவளுக்கு எதிரே அவள் படம் பார்த்துக்கொண்டிருந்தது. ஒன்பது வாய்க்கு மேல் ஆகியிருக்கும், அவள் எண்ணவில்லை.

இருமல் வந்தது. பொறியின் இருமல் அல்ல. அப்பாவின் தொண்டை, அப்பாவின் மூச்சு. ஒன்று. உள்ளே இருப்பவள் பதறிவிடக் கூடாதே என்று அடக்கிய இரண்டாவது. மூன்றாவது வர நேரமானது. அவள் விரல் தன்னையறியாமல் சட்டைக் காலரில் இருந்த பதிவுக்கருவியைத் தொட்டு இயக்கியிருந்தது. ஒலித்தரம் நன்றாக இருந்தது.

கதவு திறந்தது. சொரிமுத்து மெலிந்திருந்தார். வெளிச்சத்திலிருந்து வந்ததால் கண்ணைச் சுருக்கிக்கொண்டு இலையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார்.

"இலை காலியாகியிருக்கிறது" என்றது பொறி. "படையல் ஏற்கப்பட்டது."

"பொறவாசல் வழியா வந்தியாளா?" என்றார் சொரிமுத்து.

"ஆமாப்பா."

அவர் மெதுவாகத் தரையில் உட்கார்ந்தார். கையை நீட்டி அவள் முழங்காலைத் தொட்டுப் பார்த்தார். சதைதான். கையை எடுத்துக்கொண்டார். "உப்பு எப்படி இருக்கு?"

"கொஞ்சம் கம்மி."

"படையலுக்கு ருசி பாக்கக் கூடாதுல்லா."

"நெலைப்பேறு கெடச்சிட்டுப்பா."

"அப்படியா? நல்லது." அவருக்கு அது என்னவென்று எட்டு வருடமாகத் தெரியாது. மகள் வருவதற்கு முன்னால் கிடைக்க வேண்டிய ஏதோ ஒன்று என்று மட்டும் தெரியும். முகம் மெல்ல மலர்ந்தது. "அப்ப இனிமே..."

அப்போது சுவர் வெளிச்சமாயிற்று. ஞாயிற்றுக்கிழமை. முகவுரு, நல்ல புடவையில், நல்ல நிறத்தில், அவளைவிட ஐந்து வயது இளமையாகத் தோன்றிப் புன்னகைத்தது.

"நல்லாருக்கேம்பா. சாப்ட்டேன். வேல சாஸ்தி. நெலைப்பேறு கெடச்சதும் வாரேன்."

சொரிமுத்து சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பி நிமிர்ந்து உட்கார்ந்தார். "சரி தாயி. ஒடம்பப் பாத்துக்கோ." சுவர் அணைந்தது. அதன் பிறகுதான் பக்கத்தில் இருந்தவள் பக்கம் திரும்பினார். அவர் ஒன்றும் வேடிக்கை பண்ணவில்லை. பழக்கம்.

பொறி முக்காலியின் பக்கம் நகர்ந்து தன் நீண்ட கையைப் படத்தை நோக்கி நீட்டியது. "மகள் வீட்டில் இருக்கிறார். வரையறை இனிப் பொருந்தாது. படத்தை எடுத்துவிடலாமா?"

சொரிமுத்து மகளைப் பார்த்தார். "எத்தன நாள் இருப்பளா?"

"செவ்வாக்கெழம ஏற்புரை இருக்குப்பா. நாளைக்குச் சாயங்காலம் கெளம்பணும். இப்பத்தான் கெடச்சிருக்கு, ஒடனே லீவு கேட்டா நல்லாருக்காது. வேல சாஸ்தி. அடுத்த பொங்கலுக்குக் கண்டிப்பா வாரேன்." சொல்லிக்கொண்டிருக்கும்போதே அந்தக் குரலை எங்கேயோ சற்று முன்னால் கேட்ட மாதிரி அவளுக்கு இருந்தது. எங்கே என்று யோசிக்கவில்லை.

அப்பா கொஞ்ச நேரம் தலையாட்டிக்கொண்டிருந்தார். பிறகு பொறியிடம் சொன்னார்.

"படம் இருக்கட்டும்டே. எடுத்துட்டு மறுபடி வைக்கிறது வீண் வேல. மாலைய மட்டும் மாத்து, வாடிட்டு."

பொறி விளக்கைத் தணித்து யோசித்தது. வரையறையை முதலிலிருந்து மெல்லிய குரலில் சொல்லிப் பார்த்தது. வீட்டில் இல்லாதவர். இடம் விடப்பட்டிருக்கும். வருவார் என்று எதிர்பார்ப்பர். இறுதியில், முறைப்படி, எழுதியவர் பெயரைச் சொன்னது.

பேச்சித்தாயின் காதுக்குள் மணி ஒலித்தது. எண்ணிக்கையில் ஒன்று கூடியது. அவளுக்கு லேசாகச் சந்தோஷமாகத்தான் இருந்தது.